வாசகர் கேள்வி பதில்: முதல் சுற்றுக்கு முன் எண்ணெய்

சென்ற இதழில், வாரக்கணக்கில் ஹேங்கரில் தூங்கும் சிறு விமானங்களின் எஞ்சினைப் பற்றி நாலு வரி எழுதியிருந்தோம். ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே எஞ்சினுக்குள் ஆயிலை ஏற்றும் கருவிகளைப் பற்றிக் கேட்டுத் தென்னாப்பிரிக்கா முழுவதிலுமிருந்து நிறையக் கடிதங்கள் வந்துவிட்டன. இந்த மாதம் முழுக்க அதற்கே.

சாட்ஸ்வர்த் வாசகர்: நாங்கள் நான்கு பேர் சேர்ந்து ஒரு செரோக்கி 140 வைத்திருக்கிறோம். லைகமிங் ஓ-320 எஞ்சின், டர்பனின் வெர்ஜினியா விமான நிலையத்தில் நிற்கிறது. மூன்று வாரத்துக்கு ஒரு தடவை பறந்தால் பெரிது. "ஆயில் அக்யுமுலேட்டர் ஒன்று மாட்டிவிடு, கேம் ஷாஃப்ட் பிழைத்துக்கொள்ளும்" என்கிறார் ஹேங்கர் நண்பர். மாட்டலாமா ஐயா?

மாட்டலாம், ஆனால் கேமுக்காக (எஞ்சின் வால்வுகளைத் திறக்கும் தண்டுக்காக) மாட்டாதீர்கள். அக்யுமுலேட்டர் என்பது எஞ்சின் ஓடும்போது ஆயிலை அழுத்தத்தோடு சேமித்து, அடுத்த ஸ்டார்ட்டுக்கு முன் அதன் வால்வைத் திறந்ததும் உள்ளே தள்ளும் உருளை. அந்தக் கருவியால் கேமுக்குக் கிடைப்பது சொற்பம்.

எஞ்சின் நின்றதும் ஆயில் மெல்ல மெல்லச் சம்புக்கு, அதாவது அடியில் உள்ள ஆயில் தொட்டிக்கு, இறங்கிவிடும். மூன்று வாரம் கழித்து ஸ்டார்ட்டரை அழுத்தும்போது கேலரிகள் (எஞ்சினுக்குள் ஆயில் ஓடும் வழிகள்) காலியாக இருக்கும். பம்ப் சம்பிலிருந்து உறிஞ்சி, கூலர், ஃபில்டர், கேலரி என்று நிரப்பிக்கொண்டு கடைசி பேரிங்கை எட்டச் சில விநாடிகள் ஆகும். அதுவரை கிராங்க் ஷாஃப்டின் மெயின் பேரிங்கும் கனெக்டிங் ராட் பேரிங்கும் முன்பு ஒட்டிக்கொண்டிருந்த மெல்லிய படலத்தின் தயவில்தான் சுற்றுகின்றன. அக்யுமுலேட்டர் உதவுவது இங்கேதான். கேலரி வழியாக அழுத்தத்தோடு எங்கெல்லாம் ஆயில் போகுமோ, அங்கெல்லாம் அது முன்கூட்டியே போய்விடும்: மெயின் பேரிங், ராட் பேரிங், கேம் ஷாஃப்ட் உட்கார்ந்திருக்கும் பேரிங், ஹைட்ராலிக் டேப்பெட்டின் உட்புறம்.

கேமின் மூக்கும் அது தள்ளும் டேப்பெட்டின் முகமும் அந்தப் பட்டியலில் இல்லை. அவற்றுக்கு வருவது சுழலும் கிராங்க் வாரி இறைக்கும் தெறிப்பு. கிராங்க் சுற்றாமல் தெறிப்பு ஏது? அதிலும் லைகமிங்கில் கேம் ஷாஃப்ட் கிராங்குக்கு மேலே இருக்கிறது. எஞ்சின் நின்றதும் முதலில் வடிந்து காய்வது அதுதான். கான்டினென்டல் ஓ-200 போன்றவற்றில் கேம் கீழே இருப்பதால் வடிகிற ஆயில் அதன் மேலாகத்தான் போகும், அந்த அளவுக்கு அவர்களுக்குக் கொடுப்பினை.

உங்கள் கேமின் எதிரி ஸ்டார்ட்டர் அல்ல, ஈரம். கடலோரத்தில் நிற்கும் விமானம். பகலில் சூடாகி இரவில் ஆறும் எஞ்சின், ப்ரீதர் குழாய் வழியாக உப்புக் காற்றை இழுத்துக்கொள்கிறது. டேப்பெட் முகத்தில் பழுப்பாக ஒரு துருப்புள்ளி விழுகிறது. அடுத்த ஸ்டார்ட்டில் கேம் அதைத் தேய்த்துத் துடைத்துவிடும். துரு போனாலும் ஊசி முனை அளவுக்குக் குழி நிற்கும். நூறு இருநூறு மணி நேரத்தில் அந்தக் குழியின் விளிம்பு உதிர்ந்து, கண்ணாடி போல இருந்த முகம் அம்மை விழுந்த முகமாகிவிடும். உதிர்ந்த எஃகுத் துகளை ஃபில்டரை அறுத்துப் பார்த்துக் காந்தம் வைத்தால் காணலாம். இவ்வகை டேப்பெட்டின் தலை காளான் போல அகன்றது. கிராங்க் கேஸைப் பிளக்காமல் அதை வெளியே எடுக்க முடியாது. புதிய லைகமிங் எஞ்சின்கள் பலவற்றில் ரோலர் டேப்பெட் வந்துவிட்டது, உங்களுடையது பழையது.

எனவே பணத்தை முதலில் வேறு இடத்தில் போடுங்கள். நான்கு பேரும் முறை வைத்துக்கொண்டு வாரம் ஒரு தடவை, ஒரு மணி நேரம், ஆயில் 80 டிகிரி செல்சியஸைத் தாண்டும்படி பறந்து வாருங்கள். தரையிலேயே பத்து நிமிடம் ஓட்டி அணைப்பது பறக்காமல் விடுவதைவிடக் கெடுதல். 1 லிட்டர் பெட்ரோல் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் உண்டாகிறது. பெரும்பகுதி எக்ஸாஸ்ட்டில் போனாலும் ரிங்கைத் தாண்டி இறங்கும் பங்கு சம்பில் தங்கும். ஆயில் நன்றாகச் சூடேறினால்தான் அது ஆவியாகி வெளியேறும். ஆயிலை 50 மணி நேரத்துக்கு ஒரு முறை, அல்லது நான்கு மாதத்துக்கு ஒரு முறை, எது முந்துகிறதோ அப்போது மாற்றுங்கள். உங்களைப் போல் குறைவாகப் பறப்பவர்களுக்கு நான்கு மாதம்தான் முந்தும், பலர் மறப்பதும் அதைத்தான். ஃபில்டர் இல்லாமல் வெறும் ஸ்கிரீன் (கம்பி வலை) மட்டும் உள்ள எஞ்சின் என்றால் 25 மணி நேரம். இத்தனையும் செய்த பிறகு கையில் பணம் மிச்சமிருந்தால் பேரிங்குகளுக்காக அக்யுமுலேட்டரை யோசிக்கலாம்.

பீட்டர்மாரிட்ஸ்பர்க் மெக்கானிக்: ரேஸ் கார்களில் வளைவில் ஆயில் ஒதுங்கும்போது அழுத்தம் விழாமல் இருக்க அக்யுமுலேட்டர் மாட்டிப் பழக்கம். விமானத்தில் அதே சாமான்தானா? 2 குவார்ட் அளவு போதுமா? காற்றை எவ்வளவு ஏற்ற வேண்டும்?

சாமான் அதேதான் தம்பி, வேலைதான் வேறு. காரில் அது ஓட்டத்தின் நடுவே கைகொடுக்கிறது. இங்கே ஓட்டம் தொடங்குவதற்கு முன். அதனால் கணக்கும் மாறும்.

உருளைக்குள் மிதக்கும் பிஸ்டன், ஒரு பக்கம் காற்று, மறுபக்கம் ஆயில் என்பது உங்களுக்குத் தெரிந்ததே. 2 குவார்ட் என்றால் சுமார் 1.9 லிட்டர். அதில் 1.9 லிட்டர் ஆயில் இருக்கும் என்று நினைத்துக்கொள்பவர்கள்தான் அதிகம். கணக்குப் போட்டுப் பார்ப்போம். ஆயில் இல்லாதபோது காற்று 7 பிஎஸ்ஐ (சதுர அங்குலத்துக்கு 7 பவுண்டு அழுத்தம்) என்று வையுங்கள். கடல் மட்டத்தில் வளிமண்டலத்தின் 14.7-ஐக் கூட்டினால் 21.7. எஞ்சின் 75 பிஎஸ்ஐயில் ஓடும்போது அது 89.7. 1.9-ஐ 21.7-ஆல் பெருக்கி 89.7-ஆல் வகுத்தால் காற்று 0.46 லிட்டராகச் சுருங்கியிருக்கும். மீதி 1.44 லிட்டர்தான் ஆயில்.

அதுவும் முழுக்கப் பயன்படாது. கேஜில் 20 பிஎஸ்ஐக்குக் கீழே போன பிறகு வரும் ஆயில் சொட்டுச் சொட்டாக வருவது, கணக்கில் சேர்க்க வேண்டாம். 20-இல் காற்று 1.19 லிட்டர். ஆக 75-இலிருந்து 20 வரை வெளியே வருவது 0.73 லிட்டர். நாலு சிலிண்டர் எஞ்சினின் கேலரியை நிரப்ப இது தாராளம்.

இனி இதையே சூடான ஐடிலில் பாருங்கள். இறங்கி வந்து, மெதுவாக டாக்ஸி செய்து, எஞ்சினை அணைக்கும் நேரத்தில் ஆயில் நீர்த்துப்போய் அழுத்தம் 40-க்கு வந்திருக்கும். வால்வு திறந்தே இருந்ததால் அக்யுமுலேட்டரும் 40-க்கு இறங்கியிருக்கும். அப்போது வால்வை மூடினால், மறுநாள் 20 வரை கிடைப்பது 0.43 லிட்டர். பாதிக்குக் கொஞ்சம் மேல். மாட்டிய பிறகு "ஒன்றும் வித்தியாசமே தெரியவில்லையே" என்று குறைப்படுகிறவர்களில் பலர் செய்யும் தவறு இதுதான். ஆயில் அழுத்தம் உயர்ந்திருக்கும்போதே, அதாவது பார்க்கிங்கில் நின்று ஆர்பிஎம்மைக் கொஞ்சம் ஏற்றி, கேஜ் மேலே போனதும் வால்வை மூடுங்கள். அதன் பிறகு ஐடிலுக்கு இறக்கி, வழக்கப்படி மிக்ஸ்சரை (பெட்ரோல்-காற்றுக் கலவையின் பிடியை) இழுத்து அணையுங்கள்.

காற்றை 7 பிஎஸ்ஐக்குப் பதில் 30 ஏற்றினால் என்ன என்று கேட்பீர்கள். 75 பிஎஸ்ஐயில் 0.95 லிட்டர்தான் உள்ளே போகும். ஆனால் அத்தனையும் 30-க்கு மேலான அழுத்தத்தோடு வெளியே வரும். தாளில் பார்த்தால் இது மேல். நடைமுறையில், சூடான ஐடிலில் 40-இல் மூடுகிற அன்று உள்ளே 0.35 லிட்டர்தான் இருக்கும், 30-க்கே இறங்கியிருந்தால் ஒன்றுமே இருக்காது. எங்கள் கட்சி 7 முதல் 15 வரை. தயாரிப்பாளர் சொல்லும் அளவு கையேட்டில் இருந்தால் அதுவே முடிவு.

ஸ்டார்ட் செய்யும்போது வரிசை முக்கியம். எல்லாச் சோதனையும் முடித்து, ப்ரைம் செய்து, "ப்ரொப் கிளியர்" என்று கத்திய பிறகுதான் வால்வைத் திறக்க வேண்டும். கேஜ் ஏறும், ஏறியதும் ஸ்டார்ட்டர். திறந்துவிட்டு ஹெட்செட்டைத் தேடிக்கொண்டிருந்தால், பேரிங் இடைவெளிகள் வழியாக அத்தனையும் சம்பில் வடிந்துவிடும்.

இன்னொன்று, காரிலிருந்து வருபவர்கள் கவனிக்காதது: எஞ்சின் ஓடத் தொடங்கியதும் காலியான அக்யுமுலேட்டர் பம்ப் தரும் ஆயிலில் பங்கு கேட்கும். அழுத்தம் 20-இலிருந்து 60-க்கு ஏறுவது வழக்கத்தைவிட மெதுவாக இருக்கும். பயப்பட வேண்டாம். ஆனால் 30 விநாடிக்குள் அழுத்தம் காட்டாவிட்டால் எஞ்சினை நிறுத்து என்ற லைகமிங் விதி அப்படியே நிற்கிறது. முற்றிலும் காலியான அக்யுமுலேட்டரின் வால்வை, ஓடுகிற எஞ்சினில் படக்கென்று திறக்கவே கூடாது. அழுத்தம் ஒரு கணம் கிணற்றுக்குள் விழும்.

ஃபீனிக்ஸ் வாசகி: அக்யுமுலேட்டரா, பேட்டரியில் ஓடும் ப்ரீ-ஆயிலர் பம்பா? எது நல்லது?

எவ்வளவு அடிக்கடி பறக்கிறீர்கள் என்பதைப் பொறுத்தது அக்கா. மின் பம்ப் சம்பிலிருந்து ஆயிலை உறிஞ்சிக் கேலரிக்குத் தள்ளுகிறது. சுவிட்சைப் பிடித்திருக்கும் வரை தள்ளும். சென்ற முறை எஞ்சினை எப்படி அணைத்தீர்கள் என்பது அதற்குத் தேவையில்லை. அக்யுமுலேட்டருக்கு அது தேவை. போதாக்குறைக்கு, வால்வின் சீட்டில் துளி கசிவு இருந்தாலும் மூன்று வாரத்தில் அழுத்தம் போய்விடும். ஆக, நெடுநாள் நிற்கும் விமானத்துக்குத்தான் ப்ரீ-ஆயில் தேவை அதிகம், அங்கேதான் அக்யுமுலேட்டரை நம்ப முடிவது குறைவு. மாதம் ஒரு முறை பறப்பவர் என்றால் மின் பம்பைச் சொல்வோம்.

அதற்கும் விலை உண்டு. ஸ்டார்ட்டருக்கு வேண்டிய பேட்டரியை இது முன்கூட்டியே கொஞ்சம் தின்னும். குளிர்ந்த கெட்டி ஆயிலில் இன்னும் அதிகமாக. பம்புக்கும் கேலரிக்கும் நடுவே உள்ள ஒருவழி வால்வில் சிறு அழுக்கு சிக்கித் திறந்தே நின்றால், ஓடுகிற எஞ்சினின் ஆயில் அந்தப் பம்ப் வழியாகவே சம்புக்குத் திரும்பிவிடும். கேஜில் அழுத்தம் காரணமில்லாமல் குறைந்தால், பேரிங்கைச் சந்தேகிப்பதற்கு முன் அந்த வால்வைச் சந்தேகியுங்கள்.

மெரிபேங்க் வாசகர்: அக்யுமுலேட்டர் மாட்டிய நாள் முதல் விமானத்தின் வயிறு முழுக்க ஆயில். எஞ்சின் ஆயிலைக் குடிக்கிறதா, துப்புகிறதா என்றே தெரியவில்லை. கசிவு எங்கேயும் இல்லை.

கசிவு இல்லைதான். டிப்ஸ்டிக் உங்களை ஏமாற்றுகிறது. வால்வை மூடி அணைத்த அன்று, சுமார் ஒன்றரை குவார்ட் ஆயில் அக்யுமுலேட்டருக்குள் அடைபட்டிருக்கிறது. மறுநாள் டிப்ஸ்டிக்கை எடுத்தால் 7 இருக்க வேண்டிய இடத்தில் ஐந்தரை. "ஐயோ குறைந்துவிட்டதே" என்று ஒன்றரையை ஊற்றுகிறீர்கள். வால்வைத் திறந்ததும் அடைபட்டதும் சம்புக்கு வருகிறது. 8 குவார்ட் சம்பில் எட்டரை. கிராங்க் அதைக் கடைந்து ப்ரீதர் வழியே வெளியே தள்ளும், அது வயிற்றில் படியும். அடுத்த முறையும் குறைவாகத் தெரியும், மறுபடியும் ஊற்றுவீர்கள்.

ஒரே நிலையில் மட்டும் அளவு பாருங்கள்: வால்வு மூடி, அக்யுமுலேட்டர் கேஜ் வழக்கமான எண்ணைக் காட்டும்போது. அந்த நிலையில் டிப்ஸ்டிக் எவ்வளவு காட்ட வேண்டும் என்பதைச் சிறு லேபிளில் எழுதி ஆயில் மூடிக்குப் பக்கத்தில் ஒட்டுங்கள். நான்கு பேர் பகிரும் விமானம் என்றால் கட்டாயம் ஒட்டுங்கள். அக்யுமுலேட்டர் கேஜ் குறைந்திருந்தால் டிப்ஸ்டிக்கை நம்பாதீர்கள்.

லெனேசியா வாசகர்: என் விமானம் ராண்ட் விமான நிலையத்தில். அக்யுமுலேட்டரை டர்பனில் மாட்டி, 7 பிஎஸ்ஐ வைத்துக் கொடுத்தார்கள். இங்கே வந்து காலி செய்து பார்த்தால் மதியம் 9 காட்டுகிறது. கேஜ் கெட்டுவிட்டதா? ஜூலைக் காலைகளில் இது போதுமா, தனியாக எஞ்சினைச் சூடாக்க வேண்டுமா?

கேஜ் சரியாகத்தான் இருக்கிறது. நீங்கள் 5,500 அடியில் நிற்கிறீர்கள். அங்கே வளிமண்டலம் சுமார் 12 பிஎஸ்ஐதான். உள்ளே அடைத்த காற்று மாறவில்லை, வெளியே தள்ளும் காற்று 2.7 குறைந்துவிட்டது. ஆகவே 7 என்பது 9.7 ஆகத் தெரிய வேண்டும். குளிர் அதைக் கொஞ்சம் இழுக்கும். டர்பனில் 30 டிகிரியில் நிரப்பியது என்றால், உங்கள் ஊர் மதியம் 20 டிகிரியில் 9 காட்டும், உறைபனி விழும் காலை 0 டிகிரியில் ஏழரை காட்டும். காற்றைத் திறந்துவிட்டு "சரி" செய்தீர்களானால், கடற்கரைக்கு இறங்கும்போது குறைந்துபோயிருக்கும்.

சூடாக்குவது வேறு கதை. அக்யுமுலேட்டரில் இருக்கும் ஆயிலும் எஞ்சினைப் போலவே விறைத்துத்தான் கிடக்கும். கெட்டி ஆயிலை எவ்வளவு அழுத்தினாலும் மெல்லிய இடைவெளிக்குள் அது சோம்பலாகத்தான் நகரும். சாதாரண லைகமிங் எஞ்சின்களுக்குக் கட்டாயச் சூடாக்கல் சொல்லப்படுவது மைனஸ் 12 டிகிரிக்குக் கீழே. உங்கள் ஹைவெல்டு மேட்டு நிலத்தில் அந்த அளவுக்குப் போவது அபூர்வம். ஆனால் அதற்கு மேலே எல்லாம் நலம் என்று பொருளில்லை. ஆயில் தரத்தை முதலில் பாருங்கள். டபிள்யூ100 என்பது எஸ்ஏஇ 50. லைகமிங் அட்டவணைப்படி அது 15 டிகிரிக்கு மேல்தான். டர்பனுக்குப் பொருத்தம், ஜூலையில் ராண்ட் இருக்கும் ஜெர்மிஸ்டனுக்குப் பொருத்தமில்லை. குளிர்காலத்துக்கு எஸ்ஏஇ 40-ஆன டபிள்யூ80, இல்லையேல் 15டபிள்யூ-50, 20டபிள்யூ-50 மல்டிகிரேடு. ஆயிலை மாற்றினாலே பாதிப் பிரச்சினை தீரும். அக்யுமுலேட்டர் குழாய் நீளமாகவோ ஒல்லியாகவோ இருந்தாலும் குளிரில் பயன் குறையும். ஏஎன்-8-க்கு (அரை அங்குலக் குழாய்) குறையாத அளவில், முடிந்தவரை குட்டையாக இருக்கட்டும்.

டோங்காட் வாசகர்: ஓவர்ஹால் முடிந்து வந்த ஓ-360 ஐந்து மாதம் பெட்டியிலேயே இருந்தது. இப்போதுதான் விமானத்தில் ஏற்றியிருக்கிறோம். முதல் ஸ்டார்ட்டுக்கு முன் எப்படி ஆயில் ஏற்றுவது? எங்களிடம் அக்யுமுலேட்டரும் இல்லை, பம்பும் இல்லை.

இரண்டும் வேண்டாம். இதற்கு லைகமிங்கின் சர்வீஸ் இன்ஸ்ட்ரக்‌ஷன் 1241 இருக்கிறது. அதன் புதிய பதிப்பைக் கையில் வைத்துக்கொண்டு, உரிமம் பெற்ற எஞ்சினியர் முன்னிலையில் செய்யுங்கள். சாரம் இது.

சேமிப்பு ஆயிலையும் சிலிண்டர்களில் திருகியிருக்கும் ஈரம் உறிஞ்சும் பிளக்குகளையும் எடுத்துவிட்டு, ஓவர்ஹால் செய்தவர் சொன்ன ஆயிலை ஊற்றுங்கள். ரிங் படியும் வரை பெரும்பாலும் மினரல் ஆயில். மேக்னெட்டோ (தீப்பொறிக்கு மின்சாரம் தரும் கருவி) சுவிட்ச் ஆஃப், மிக்ஸ்சர் கட்-ஆஃப், பெட்ரோல் வால்வு மூடல், சக்கரத்துக்குக் கட்டை. ஒவ்வொரு சிலிண்டரிலும் கீழ் ஸ்பார்க் பிளக்கைக் கழற்றுங்கள். காம்ப்ரஷன் இல்லாவிட்டால் ஸ்டார்ட்டர் லேசாகச் சுற்றும், பேரிங் மேல் சுமையும் விழாது. இதுதான் இந்த முறையின் உயிர்நாடி. பிளக்கைக் கழற்றாமல் சுற்றினால், காப்பாற்ற நினைத்த பேரிங்கையே காயவைத்து அமுக்குகிறீர்கள்.

பேட்டரி முழுச் சார்ஜில் இருக்க வேண்டும். ஸ்டார்ட்டரை 10 விநாடிக்கு மேல் ஒரே மூச்சில் பிடிக்காதீர்கள், ஆற விட்டு மறுபடி. ஒருவர் கேஜைப் பார்க்கட்டும். 20 பிஎஸ்ஐ நிலையாகக் காட்ட வேண்டும். பல தடவை சுற்றியும் ஊசி அசையவில்லையென்றால் பம்ப் காற்றைப் பிடித்துக்கொண்டிருக்கிறது. உறிஞ்சும் பக்கத்து ஸ்கிரீன், அதன் காஸ்கெட், கூலர் குழாய்கள் ஆகியவற்றைப் பார்க்காமல் மேலே சுற்றாதீர்கள். ஊசி ஏறிய பிறகும் ஒரு முறை நிறுத்தி, மறுபடி சுற்றி, உடனே ஏறுகிறதா பாருங்கள். அப்போதுதான் கேலரி நிரம்பியது உறுதி.

சில பணிமனைகளில் அழுத்தத் தொட்டி வைத்திருப்பார்கள். இரண்டு மூன்று லிட்டர் ஆயிலை ஊற்றி, காற்றழுத்தம் கொடுத்து, கேலரியில் உள்ள ஒரு பிளக் துளை வழியே உள்ளே அனுப்புவது. ஸ்டார்ட்டருக்கு வேலையே இல்லை, எங்களுக்குப் பிடித்த வழி. உள்ளே போகும் ஆயிலும் சம்பில்தான் சேரும் என்பதை மறக்காமல், முடிந்ததும் டிப்ஸ்டிக்கைப் பாருங்கள்.

பிறகு புது செம்பு வாஷரோடு பிளக்குகளை மாட்டி 35 அடி-பவுண்டில் முறுக்குங்கள். ஆயிலை ஏற்றிய மூன்று மணி நேரத்துக்குள் ஸ்டார்ட் செய்ய வேண்டும். காலையில் ஏற்றிவிட்டு, பக்கியை (பிக்கப் வண்டியை) எடுத்துக்கொண்டு விட்டுப்போன பாகம் வாங்க டர்பன் போய் மாலையில் வருவதென்றால், மறுபடி முதலிலிருந்து. ஸ்டார்ட் ஆனதும் 1,000 முதல் 1,200 ஆர்பிஎம். அதற்குக் கீழே வைத்தால் கேமுக்குத் தெறிப்பு போதாது.

வெருலம் வாசகர்: பறக்காத வாரங்களில் அப்பா ப்ரொப்பெல்லரைக் கையால் பத்துச் சுற்று சுற்றச் சொல்வார். ஆயில் பரவுமாம். சரியா?

அப்பாவிடம் மெதுவாகச் சொல்லுங்கள்: லைகமிங் இதை வேண்டாம் என்றே சொல்கிறது. கையால் சுற்றும் வேகத்தில் தெறிப்பு வராது. ரிங் சிலிண்டர் சுவரில் மிச்சமிருந்த ஆயிலை வழித்துவிடும், வால்வு ஸ்பிரிங்கின் அழுத்தம் கேமில் இருந்ததைத் துடைத்துவிடும். மேக்னெட்டோவை அணைக்கும் கம்பி அறுந்திருந்தால் எஞ்சின் திடீரென்று பற்றிக்கொண்டு கையும் போகும்.

ஸ்லிங் போன்ற விமானங்களில் வரும் ரோட்டாக்ஸ் 912 வேறு சாதி. அதன் ஆயில் தனித் தொட்டியில் இருக்கிறது. அளவு பார்க்கும் முன் ப்ரொப்பெல்லரைச் சுற்றி, கிராங்க் கேஸில் தங்கியதைத் தொட்டிக்குத் தள்ள வேண்டும். மூடியைத் திறந்து வைத்துக் கேளுங்கள், காலி பாட்டிலில் நீர் நிரம்புவது போலக் களகள என்று சத்தம் வந்ததும் போதும். எஞ்சின் ஓடும் திசையில் மட்டும். பின்னோக்கிச் சுற்றினால் ஆயில் சுற்றுக்குள் காற்று நுழைந்து ஹைட்ராலிக் டேப்பெட்டைக் கெடுக்கும். ஸ்டார்ட் ஆனபின் அழுத்தம் காட்ட அதற்கு 10 விநாடிதான் கெடு.

அம்ஸிண்டோ வாசகர்: எஞ்சின் தேய்மானத்தில் 90 சதவீதம் ஸ்டார்ட்டில்தான் என்று விளம்பரத்தில் போட்டிருக்கிறார்களே?

எந்த எஞ்சின், எந்த ஆயில், எத்தனை நாள் நின்ற பிறகு, எந்தப் பாகத்தின் தேய்மானம்? இந்த நான்கும் அதே விளம்பரத்தில் இருந்தால் அனுப்பிவையுங்கள், படிக்கிறோம்.

லாடியம் வாசகர்: நானே வாங்கி நானே மாட்டிக்கொள்ளலாமா? சட்டச் சிக்கல் உண்டா?

பதிவெண் இசட்எஸ் என்று தொடங்கும் சான்றிதழ் வகை விமானம் என்றால் கூடாது. அந்த மாடலுக்குப் பொருந்தும் எஸ்டிசி (துணை வகைச் சான்றிதழ்) அல்லது ஏற்கப்பட்ட மாற்ற ஒப்புதல் வேண்டும், அங்கீகாரம் பெற்ற பராமரிப்பு நிறுவனம் மாட்டிக் கையெழுத்திட வேண்டும். இசட்யூ என்று தொடங்கும் வகைக்கு விதி தளர்வு, ஆனால் அங்கேயும் சோதித்துக் கையொப்பமிட உரியவர் வேண்டும். இரண்டிலும் எடை-சமநிலைத் தாளைத் திருத்துங்கள். ஆயிலோடு சில கிலோ மூக்கில் கூடுகிறது.

ரிச்சர்ட்ஸ் பே வாசகர்: வானத்தில் ஆயில் அழுத்தம் போய்விட்டால் அக்யுமுலேட்டர் காப்பாற்றுமா?

சில விநாடிகள். முன்னே போட்ட கணக்கில் கையிருப்பு முக்கால் லிட்டருக்கும் குறைவு. ஓடுகிற எஞ்சினில் பம்ப் நிமிடத்துக்குப் பல லிட்டர் தள்ளிக்கொண்டிருக்கிறது. தலைகீழ்ப் பறப்பில் சம்பின் உறிஞ்சுகுழாய் ஒரு கணம் காற்றை விழுங்கினால் அந்த இடைவெளியை நிரப்ப அது போதும். பம்ப் நின்றுவிட்டால் போதாது. கேஜ் விழுந்தால் அக்யுமுலேட்டரை மறந்துவிட்டு இறங்க இடம் பாருங்கள்.

அதைவிட, அக்யுமுலேட்டரே அழுத்தம் போகக் காரணமாகலாம் என்பதை யோசியுங்கள். ஃபயர்வாலுக்கு (எஞ்சினையும் காக்பிட்டையும் பிரிக்கும் தீத்தடுப்புச் சுவருக்கு) முன்னே புதிதாக ஒரு அழுத்தக் குழாயைச் சேர்த்திருக்கிறீர்கள். அது வெடித்தால் எஞ்சின் ஆயில் முழுவதும் சூடான எக்ஸாஸ்ட் மேல் கொட்டும். பலர் வால்வை அக்யுமுலேட்டரின் வாயிலேயே மாட்டிவிடுகிறார்கள். அப்படி மாட்டினால், எஞ்சினுக்கும் வால்வுக்கும் நடுவே குழாய் வெடிக்கும்போது மூடியும் பயனில்லை. வால்வு எஞ்சின் முனையில் இருக்க வேண்டும், அதற்கு காக்பிட்டிலிருந்து கேபிள். குழாய்க்கு நெருப்பு தாங்கும் உறை, எக்ஸாஸ்டிலிருந்து விலகிய பாதை, அதிர்வில் உரசாத கிளாம்ப். ஆண்டுச் சோதனையில் அக்யுமுலேட்டரைக் காலி செய்து காற்றழுத்தத்தைப் பாருங்கள். காற்று வால்வின் ஊசியை அழுத்தும்போது காற்றோடு ஆயில் துளி தெறித்தால், உள்ளே மிதக்கும் பிஸ்டனின் ஓ-ரிங் போய்விட்டது. அது மாறும் வரை வால்வை மூடி வைத்துப் பறங்கள்.